ஊசி குத்தப் போறியாக்கும்!

இடுப்பு வலின்னு சொன்னா கௌரவம் குறைஞ்சு போகுமாலே பேராண்டி? 'எனர்ஜி பிளாக் ஆயிருக்கு தாத்தா'ங்கே. நாள் முச்சூடும் கட்டில்ல சாஞ்சுக்கிட்டு, மடியில கம்ப்யூட்டரை வச்சுத் தட்டுனா எனர்ஜியும் அடைக்கும், எல்லாம் அடைக்கும். இப்ப அக்குபங்சர் பாக்கப் போறியாம். அதுக்கு வாட்சப்புல ஊருக்கெல்லாம் தாக்கல். வெள்ளைப் பருத்திச் சட்டை. காப்பிக்கு முழுக்கு. காசிக்குப் போறவன்கூட இம்புட்டு ஆர்ப்பாட்டம் பண்ணலையேலே!

போ. வேண்டாம்னு நான் சொல்லலை. எங்க போறோம், என்னத்துக்குப் போறோம்னு தெரிஞ்சிட்டுப் போவணும்லா? பள்ளிக்கூடம் என்னை எட்டாங் கிளாசோட விட்டுட்டு. ஊர் நூலகம் விடலை. அதனால சொல்லுதேன், கேளு.

ஊசின்னதும் ஆஸ்பத்திரி ஊசியை நினைச்சு நடுங்காதே. அது குழாய் ஊசி, மருந்து உள்ள போவணும். இது வெறும் கம்பி. துருப்பிடிக்காத இரும்பு. கனம் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர்தான், அதுக்குக் குறைச்சலாவும் இருக்கும். நுனியில மருந்து மாயம் ஒண்ணும் கிடையாது. தோலுக்குள்ள நுழைச்சு, லேசாத் திருகி, இருபது முப்பது நிமிசம் அப்படியே விட்டுட்டுப் பைய உருவிருவாவ. குத்துன எடம் கனக்கும், மந்தமா ஒரு நோவு தெரியும். அந்தக் கனம் வந்தாத்தான் சக்தி வந்து சேந்துச்சுன்னு சீனத்து வைத்தியர் சொல்லுவாவ. நம்ம பக்கத்துல சில பேரு ஊசியையே விட்டுட்டாவ. நாடியைப் பிடிச்சுப் பாத்துட்டு ஒத்தை விரலால ஒரு புள்ளியைத் தொட்டுட்டு, 'போயிட்டு அடுத்த வாரம் வாங்க'ங்காவ. குத்துனாலும் காசு, தொட்டாலும் காசு.

அது என்ன சக்தின்னு கேக்கியா? ஒடம்புக்குள்ள உயிர்ச்சக்தி ஒண்ணு ஓடுதாம். பெரிய பாதை பன்னெண்டு, கூட ரெண்டு, ஆக 14. அதுமேல, இப்பத்தைக் கணக்குல 361 புள்ளி. ஓட்டம் எங்க நிக்கோ அங்ஙன நோவு. குத்தி அடைப்பை எடுக்கணும். இந்தக் கணக்கு எங்கேருந்து முளைச்சுது தெரியுமா? ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி தொகுத்த 'ஹுவாங்தி நெய்ஜிங்'னு ஒரு வைத்தியப் புத்தகம், மஞ்சள் பேரரசர் பேரால வழங்குது. சீன தேசத்துல ஓடுத 12 ஆத்தையும் ஒடம்புல ஓடுத 12 பாதையையும் அதுல சோடி போட்டு வச்சிருக்கான். வருசத்துக்கு 365 நாளா? அப்ப ஒடம்புல 365 புள்ளி. அறுத்துப் பாத்து எண்ணுனதா அது? பஞ்சாங்கத்தைப் பாத்து எண்ணுனது.

குத்தம் சொல்லலைலே. ஆத்தை நம்பிப் பொழைச்ச சனம். ஓடுத தண்ணி நின்னா ஊரு செத்துப்போவும்னு கண்ணால கண்டவன். நம்ம ஆளு வாதம், பித்தம், கபம்னு மூணாப் பிரிச்சான். அவன் ஆறா நினைச்சான். உள்ள பாக்க முடியாத காலத்துல வெளியில இருக்கதை வச்சுத்தானே கணக்குப் போடணும்? நீ எம்மாரை ஸ்கேனை வச்சுக்கிட்டு இன்னமும் அந்தப் பாதையைத் தேடுத பாரு, அதுதான் எனக்குச் சிரிப்பு. ஸ்கேன்லயும் தெரியாது, அறுத்தாலும் அம்புடாது. நரம்பு அம்புடும், சதை அம்புடும், ரத்தம் அம்புடும். அதுல குத்துனா ஒண்ணுமே நடக்காமப் போயிருமா? அதுக்குப் பொறவு வாரேன்.

இன்னொரு கூத்து கேட்டியா? சீனாக்காரனுக்கு அஞ்சு மூலம் உண்டு. மரம், நெருப்பு, மண்ணு, உலோகம், தண்ணி. நம்ம ஊருக்கு வந்ததும் சில பேரு மரத்தையும் உலோகத்தையும் கழட்டிப் போட்டுட்டு, ஆகாயத்தையும் காத்தையும் மாட்டிட்டாவ. பஞ்சபூதம் ஆயிட்டுது பாரு! இனி நமக்கு நல்லாப் புரியும்லா?

படிப்புன்னா அந்தக் காலத்துப் படிப்பு. மூணாம் நூத்தாண்டுல ஹுவாங்பு மின்னு ஒரு மனுசர். வாதத்துல விழுந்து தானே பட்டவர். பழைய புத்தகத்தையெல்லாம் உருட்டி 349 புள்ளியை வரிசைப்படுத்தி எழுதி வச்சார். பொறவு சோங் ராசாக்கள் காலம், 1027. வாங் வெய்யின்னு ஒரு அரண்மனை வைத்தியர் ஆளுயரத்துக்கு ரெண்டு வெண்கலச் சிலை வார்ப்பிச்சார். மேலெல்லாம் ஓட்டை. ஒரு ஓட்டைக்கு ஒரு புள்ளி. பரீட்சை அன்னைக்கு மேல மெழுகைப் பூசி ஓட்டையெல்லாம் மூடி, உள்ள தண்ணியை நிரப்பி வச்சிருவாவளாம். பையன் வந்து ஊசி குத்தணும். சரியான எடம்னா தண்ணி வெளிய வரும். தப்புன்னா ஊசி வெண்கலத்துல முட்டி நிக்கும்.

இதுல காப்பி அடிக்க முடியுமா? சிபாரிசுக் கடிதம் கொண்டாந்தா வெண்கலம் படிச்சுப் பாத்து மார்க் போடுமா? இப்ப என்னடான்னா ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆன்லைன்ல உக்காருதான். மூணாவது ஞாயித்துக்கிழமை போர்டு மாட்டுதான். பேருக்கு முன்னால ஒண்ணு, பின்னால நாலு எழுத்து, நடுவுல போட்டோ. அந்தச் சிலையில ஒண்ணைக் கொண்டாந்து நம்ம பஸ் ஸ்டாண்டுல நிறுத்துனா எத்தனை பேரு தண்ணி எடுப்பான்னு பாக்க எனக்கு ஆசை.

நோட்டீசைப் பாத்தியா? 'ஐயாயிரம் வருடப் பழமை'ன்னு போட்டிருப்பான். பழசுன்னா நல்லதுதானாக்கும்? அம்மைக்கு ஆளைக் காவு குடுத்ததும் பழசுதாம்ல. சீனாவே ஒரே மாதிரி இதைக் கொண்டாடிக்கிட்டு இருந்துச்சுன்னு நினைக்காதே. 1822ல தாவோகுவாங் பேரரசர், ஊசியும் மூலிகைச் சூடும் ராசா திருமேனிக்கு ஆகாத காரியம்னு சொல்லி அரண்மனை வைத்தியசாலையில அந்தப் பிரிவையே மூடிட்டார். ராசா மேல எவன் ஊசி குத்துவான், கையி இருக்கணும்லா? 1929ல இங்கிலீசு வைத்தியம் படிச்சவாள் கூடி, சீன வைத்தியத்தையே ஒழிக்கணும்னு தீர்மானம் போட்டாவ. ஊரெல்லாம் கடையடைப்பு, கூச்சல். அந்தத் தீர்மானம் கிடப்புல போயிட்டு.

பொறவு மாவோ வந்தார். கோடிக்கணக்குல சனம், படிச்ச டாக்டரோ கொஞ்சம் போல. என்ன செய்வார்? கையில இருக்க நாட்டு வைத்தியரை வச்சே ஓட்டுங்கன்னுட்டார். புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனா அவருக்குச் சொந்த டாக்டரா இருந்த லி ஜிசுய் பின்னாடி எழுதுன புத்தகத்துல ஒண்ணு சொல்லுதார். சீன வைத்தியத்தை வளக்கணும்னு சொன்ன அதே மாவோ, 'எனக்கு அதுல நம்பிக்கை இல்லை, நான் அதை எடுத்துக்கிடுததும் இல்லை'ன்னாராம். ஊருக்கு உபதேசம் சொல்லுதவன் எந்த நாட்டுல பொறந்தா என்ன?

வெள்ளைக்காரன் மயங்குன கதையைக் கேளு. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 1971 சூலை. 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகைக்காரர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங் போயிருக்கார். போன எடத்துல குடல்வால் வீங்கிட்டு. ஆஸ்பத்திரியில சேத்து அறுத்து எடுத்தாவ. அந்த ஆஸ்பத்திரி பேரு என்ன தெரியுமா? ஏகாதிபத்திய எதிர்ப்பு ஆஸ்பத்திரி! அமெரிக்காக்காரன் அங்ஙன துணியை அவுத்துட்டுப் படுக்கணும்னா மனசு எப்படிக் கிடந்து அடிச்சிருக்கும், யோசிச்சுப் பாரு.

அறுக்கும்போது போட்டது சாதாரண மரப்பு ஊசி. நல்லாக் கவனி. ரெண்டாம் நாள் ராத்திரிதான் வயிறு உப்பி உபாதை குடுத்திருக்கு. அப்ப வலது முழங்கையிலயும் முழங்காலுக்குக் கீழயும் மூணு ஊசி குத்தி, மூலிகைச் சுருட்டுத் துண்டு ரெண்டைக் கொளுத்தி வயித்துக்குப் பக்கத்துல சூடு காட்டிருக்காவ. ஒரு மணி நேரத்துல உப்புசம் தணிஞ்சுட்டு, திரும்பி வரலைன்னு அவர் எழுதுனார். அறுத்த வயித்துல வாயு ரெண்டு மூணு நாள்ல தன்னால கலையும்னு உங்க ஆச்சியே சொல்லுவா, அது கிடக்கட்டும். ஊருக்குள்ள தாக்கல் எப்படிப் போச்சு? 'மயக்க மருந்தே இல்லாம, வெறும் ஊசியைக் குத்தி ஆப்பரேசன் பண்ணிட்டான் சீனாக்காரன்!' அந்த மனுசன் எழுதாததை எத்தனை பேரு படிச்சிருக்கான் பாரு. அடுத்த பிப்ரவரியில அமெரிக்க ஜனாதிபதி நிக்சனே சீனாவுக்குப் போனார். அம்புட்டுத்தான், அமெரிக்காவுக்கு ஊசிப் பைத்தியம் பிடிச்சுட்டு.

நம்ம நாட்டுக்கு வந்தது வேற வழி. 1938ல ஜப்பான்காரன் சீனாவைப் போட்டு அடிச்சப்ப இந்தியாவுல இருந்து அஞ்சு டாக்டர் உதவிக்குப் போனாவ. சோலாப்பூர்க்காரர் கோட்னிஸ் அங்ஙனயே 1942ல கண்ணை மூடிட்டார். கூடப் போன பிஜோய் குமார் பாசு பொறவும் ஒரு தடவை போயி ஊசி வைத்தியம் படிச்சுட்டு வந்து, 1959ல கல்கத்தாவுல ஆரம்பிச்சார். குண்டு விழுந்த எடத்துல காயத்துக்குக் கட்டுப்போட்ட டாக்டர் கொண்டாந்தது இது. அந்தப் பேரை, 'ஹீலர்'னு போர்டு மாட்டுன எவன் நோட்டீசுலயாவது பாத்திருக்கியா?

இப்ப உன் கூட்டாளி ஒருத்தன் எந்திரிச்சு நிப்பானே, 'எல்லாம் போகர் சித்தர் இங்கேருந்து சீனாவுக்குக் கொண்டுபோனது'ன்னு? நிக்கட்டும். நம்மகிட்ட வர்மம் உண்டு, நூத்தியெட்டுப் புள்ளி உண்டு, கன்னியாகுமரிப் பக்கம் ஆசான்மார் கையில இன்னமும் வித்தை இருக்கு. அதுக்குப் பெருமை சேக்க அடுத்தவன் சொத்துல பட்டா கேக்கணுமா? காது குத்துனதும் அக்குபங்சருக்குத்தானாம். ஏலே, உனக்குக் காது குத்தி மாமன் மடியில கதறுனப்ப நானும் பந்தல்ல இருந்தேன். கம்மலுக்குக் குத்துனோம், கறிச்சோத்துக்குக் குத்துனோம், போட்ட மொய்யைத் திருப்பி வாங்கக் குத்துனோம். சக்தி ஓட்டத்தை யாரு கண்டா?

சரி, எதுக்குத்தான் கேக்கும்? அதைச் சொல்லாம விட்டா என்னையும் நையாண்டிக் கிழவன்னு தள்ளிருவே.

குமட்டலுக்குக் கேக்கும். கையைத் திருப்பு. மணிக்கட்டு ரேகையில இருந்து மேல, முழங்கை பாத்து மூணு விரல்கடை வையி. அங்ஙன நடுவுல ரெண்டு நாண் ஓடுதுல்லா, அதுக்கு இடையில அமுக்கு. நெய்குவான் புள்ளி. ஆப்பரேசன் மயக்கம் தெளியும்போது வருத குமட்டலுக்கு இது நல்லாவே கேக்குன்னு, ஆராய்ச்சிகளையெல்லாம் சேத்து எடைபோடுத காக்ரேன் அமைப்பு 2015லயும் சொல்லியிருக்கு. வாந்தி மருந்துக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியலையாம். ஊசிகூட வேண்டாம், விரலே போதும். கொடைக்கானல் பஸ்ல ஏறும்போது அமுக்கிப் பாரு. காசு கிடையாது, அதனாலதான் எவனும் உனக்குச் சொல்லித்தர மாட்டான்.

தலைவலிக்குக் கேக்கும். அடிக்கடி ஒத்தைத் தலைவலி வாரவாளுக்கு, வராமத் தடுக்கப் போடுத மாத்திரைக்குச் சளைச்சதில்லைன்னு 2016ல அதே அமைப்பு சொல்லிச்சு. நாள்பட்ட முதுகு, கழுத்து, முழங்கால் வலிக்கும் கேக்கும். எம்புட்டுக் கேக்கும்? அங்கதான் வேடிக்கையே இருக்கு.

ஜெர்மனிக்காரன் கணக்குல கெட்டிலா? முதுகுவலிக்காரங்க 1162 பேரை மூணு கூட்டமாப் பிரிச்சான். ஒரு கூட்டத்துக்குப் புத்தகத்துல சொன்ன புள்ளியில, சொன்ன ஆழத்துல குத்துனான். இன்னொரு கூட்டத்துக்குப் புள்ளியே இல்லாத எடத்துல, மேலாக்கச் சும்மா குத்துனான். மூணாவது கூட்டத்துக்கு மாத்திரை, உடற்பயிற்சின்னு வழக்கமான வைத்தியம். ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா, சரியாக் குத்துனதுல நூத்துக்கு 48 பேருக்குத் தேவலை. தப்பாக் குத்துனதுல 44 பேருக்குத் தேவலை. வழக்கமான வைத்தியத்துல 27. முடிவு 2007ல வந்துச்சு. ஹுவாங்பு மி வரிசை போட்ட புள்ளிக்கு என்னலே மரியாதை? ஆங்கில வைத்தியத்துக்குத்தான் என்ன மரியாதை?

அமெரிக்காக்காரன் இன்னும் ஒருபடி மேல போனான். 638 பேரு. அதுல ஒரு கூட்டத்துக்கு ஊசியே குத்தலை. ஊசி வைக்குத குழாயில பல்லுக் குத்துத குச்சியை வச்சுத் தோலுல லேசாக் குத்தித் திருகிட்டு எடுத்துட்டான். குப்புறப் படுத்திருக்கவனுக்கு என்ன தெரியும்? நிச ஊசிக்காரன் எம்புட்டுத் தேறுனானோ, பல்லுக்குச்சிக்காரனும் அம்புட்டுத் தேறுனான். ரெண்டு பேரும் சும்மா டாக்டர்கிட்ட மட்டும் போனவனை விட நல்லாத் தேறுனான். 2009ல வந்த சேதி. படிச்சுட்டு நூலகத்துல நான் சிரிச்ச சிரிப்புக்கு நூலகர் வந்து எட்டிப் பாத்தார்.

உடனே 'எல்லாம் புரட்டு'ன்னு குதிக்காதே. உன் வயசுல ஒண்ணு சாமின்னு விழுவான், இல்லாட்டி சாத்தான்னு ஓடுவான். 2012ல கிட்டத்தட்ட 18,000 நோயாளிகளோட கணக்கைச் சேத்துப் பாத்தாவ. நிச ஊசி, பொய் ஊசியை விடக் கொஞ்சம் போல மேல. ஒண்ணுமே செய்யாததை விட நல்லாவே மேல. குத்துனா ஒடம்புக்குள்ள ஒண்ணும் நடக்கலைன்னும் சொல்ல முடியாது. ஊசி குத்துனா வலியை அடக்குத சரக்கு ஒடம்புலயே சுரக்குது. அந்தச் சரக்கை மறிக்க நலாக்சோன்னு ஒரு மருந்து உண்டு. அதைப் போட்டா ஊசியோட வேலை குறையுதுன்னு 1977லயே பாத்திருக்காவ. நல்லாப் படிச்சவனே இது புடிபடாமத்தான் திரியுதான். இங்கிலாந்துல வைத்திய வழிகாட்டி எழுதுத 'நைஸ்'னு ஒரு அரசு அமைப்பு இருக்கு. 2009ல இடுப்பு வலிக்கு ஊசி குத்தலாம்னான், 2016ல வேண்டாம்னான், 2021ல காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கு யோசிக்கலாம்ங்கான். உன் இடுப்பு இதுல எந்தப் பக்கம், சொல்லு?

நான் சொல்லட்டுமா? பெரிய ஆஸ்பத்திரியில நீ ரெண்டு மணி நேரம் காத்திருந்தே. உள்ள போனே. டாக்டர் கம்ப்யூட்டரைப் பாத்தார், ஸ்கேனைப் பாத்தார், சீட்டை எழுதுனார். உன் மூஞ்சியைப் பாத்தாரா? இங்ஙன என்ன நடக்கு? ஒரு ஆளு உன் கையைப் பிடிச்சு நாடி பாக்கான். தூக்கம் வருதா, பசி எப்படி, மனசுல என்ன கவலைன்னு கேக்கான். போனைப் பிடுங்கி வச்சுட்டு அரை மணி நேரம் அசையாமப் படுக்கச் சொல்லுதான். உங்க அப்பன் சொன்னா கேக்காதவன், ஊசி குத்துனதும் அசையாமக் கெடக்கே. பல்லுக்குச்சியே வேலை செஞ்சதுல எனக்கு ஆச்சரியம் இல்லைலே. கேக்க ஆளு இருந்தா வலி பாதி எறங்கும். அந்தப் பாதிக்கும் சேத்துத்தான் பில்லு. அதுக்குக் குடுக்கலாம், தப்பில்லை.

சிரிச்சுட்டு விடமுடியாத எடம் ஒண்ணு இருக்கு. 'சக்கரை மாத்திரையை நிறுத்துங்க, இன்சுலினை நிறுத்துங்க, பிரசர் மாத்திரை ரசாயனம், தைராய்டு மாத்திரை விசம்'னு சில ஹீலர் சொல்லுதான் பாரு, அங்ஙன செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய வந்துரு. சக்கரைக்கும் பிரசருக்கும் மாத்திரைக்குப் பதிலா ஊசின்னு எந்த நல்ல ஆராய்ச்சியும் சொல்லலை. சின்னதுலயே சக்கரை வந்து இன்சுலின்ல ஓடுத பிள்ளைக்கு அதை நிறுத்துனா நாள் கணக்குதான் மிஞ்சும். நெஞ்சு வலிச்சா புள்ளியைத் தேடாதே, 108க்குப் போனைப் போடு. காய்ச்சல் ஏறுனா கழிவு வெளியேறுதாம், வயித்தால போனா கழிவு வெளியேறுதாம், மேல சொறி வந்தா கழிவு வெளியேறுதாம். ஆளே வெளியேறுனா என்ன சொல்லுவான்?

ஊசியில ஆபத்தே இல்லைன்னும் சொல்லாதே. ஜெர்மனியில 2,29,230 பேரைக் கவனிச்சாவ. நூத்துக்கு எட்டு ஒம்பது பேருக்கு ஏதோ ஒரு உபத்திரவம், பெரும்பாலும் ரத்தம் கட்டுதது, குத்துன எடத்துல வலி. ரெண்டு பேருக்கு நுரையீரல்ல பட்டு காத்து எறங்கியிருக்கு. அதுவும் படிச்ச டாக்டர் குத்துனது. நெஞ்சுக்கூட்டுப் பக்கம் அரைகுறை ஆளு ஊசியோட வந்தா எந்திரிச்சுரு. ஒருத்தனுக்குக் குத்துன ஊசியை இன்னொருத்தனுக்குக் குத்தி மஞ்சக்காமாலை பரப்புன கதையும் வெளிநாட்டுல உண்டு. அதனால ஊசி புதுப் பொட்டலமா, உன் கண்ணு முன்னால பிரிச்சானா, பாரு. கேக்க வெக்கப்படாதே. கத்திரிக்கா வாங்கும்போது காம்பைக் கிள்ளிப் பாக்கேல்லா? ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடுத ஆளா இருந்தா அதை முதல்லயே சொல்லணும். மாசமா இருக்க பொண்ணும் சொல்லணும்.

எத்தனை தடவை வரணும்னு முதல் நாளே கேட்டு வச்சுக்கோ. நாலஞ்சு தடவை போயும் இடுப்பு அசையலைன்னா நிறுத்திரு. 'வலி கூடுனா குணமாகுதுன்னு அர்த்தம், குறைஞ்சாலும் குணமாகுதுன்னு அர்த்தம்'னு சொல்லுதவன்கிட்ட நிக்காதே. அவன் தோக்கவே முடியாத சீட்டு ஆடுதான்.

இன்னொண்ணு. வெறும் வயித்தோட போயிராதே. 'டீடாக்ஸ்'னு காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்க ஆளு நீ. ஊசி குத்துனதும் சில பேருக்குக் கிறுகிறுன்னு வரும், மயங்கியும் விழுவான். ஆச்சி இட்லி அவிச்சு வச்சிருக்கா, நாலு தின்னுட்டுப் போ. அங்ஙன நீ மயங்கி விழுந்தேன்னா, அதையும் கழிவு வெளியேறுதுன்னுதான் சொல்லுவான்.